கலாயோகி வாழ்ந்த பழங்கோயில்

மன்னன் ஒருவனது சினத்தாற் பாழான ஊரின் பொதுமன்றத்தைச் சங்கப் புலவர் ஒருவர் நமக்குக் காட்டுகிறார். தெய்வம் உறைந்த தூண் வெறுந்தூணாய் நிற்கிறது. நரைத்த முதியோர் நாள்தோறும் இருந்து சூதுகாய் உருட்டியதனாற் குழிந்த இடங்களிற் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கிறது. புங்குடுதீவிலே பிறந்து, தமிழாசிரியத் தொழிலிற் காலங் கழித்துவரும் எமக்கு இப்பாட்டைக் கற்பிக்க உரைநூல் வேண்டியதில்லை. 1991 ஆம் ஆண்டில் ஊரவருட் பெரும்பாலார் பெயர்ந்து சென்றபின், முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துங் கொண்டு எழுப்பிய நாற்சார் வீடுகள் பல பூட்டிய பூட்டுடன் நின்றன. சில ஆண்டுகளிற் பூட்டு இருந்தது, கூரை இல்லாது போயிற்று. பனைமர வளைகள் உளுத்து வீழ்ந்தன. சுவர் வெடிப்பிலே பறவையின் எச்சத்தால் முளைத்த ஆலங்கன்று, இன்று தலைவாசற் தூணினும் பருத்து நிற்கிறது.

எம்மிடம் கற்றுக் கடல்கடந்து வாழ்வார் சிலர் அண்மையில் எமக்கு எழுதினர். மூதாதையர் விட்டுச்சென்ற வீடொன்றைத் திருத்தி, ஓவியரும் கூத்தரும் கைவினைஞரும் கூடி இருந்து தொழில் செய்யும் பொதுமனை ஆக்க விரும்புவதாகவும், அது தக்கதோ என்றும் கேட்டிருந்தனர். விடை எழுத உட்கார்ந்தபோது எமது நினைவுக்கு வந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. சிவபெருமானின் திருநடனத்துக்கு மேனாட்டார் உள்ளங்கொள்ளப் பொருள் விரித்தவர் என்றே அவரை நம்மவர் அறிவர். இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றிலே பாழாய்க் கிடந்த பழங்கோயிலை மனையாக்கி, அதனுள் அச்சுக்கூடம் அமைத்து, இலங்கைக் கைவினைஞரின் பெருமையைப் பேசும் பெருநூலை அச்சிட்டவர் அவரே என்பதை அறிந்தார் சிலரே. அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் கூற விழைகிறோம்.

வடமராட்சிக் கெருடாவிலில் வேர்கொண்டு கொழும்பிற் கிளைத்த குடும்பம் அவருடையது. பாட்டனார் குமாரசுவாமி முதலியார் சட்டநிரூபண சபையில் அமர்ந்த முதற் தமிழர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அம்முதலியாரின் மகள்வழிப் பேரர்கள். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி 1863 ஆம் ஆண்டு இலண்டனில் நியாயவாதியாகப் பட்டம் பெற்றவர். அதே ஆண்டில் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கி வெளியிட்டவர். பாளி நூல்களையும் மொழிபெயர்த்தவர். கென்ற் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கில மாதை அவர் மணந்தார். 1877 ஆம் ஆண்டு ஒகஸ்ட் 22 ஆந் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஆனந்தர் பிறந்தார். தாயின் ஊர் நினைவாகக் கெந்திஷ் என்னும் இடைப்பெயரும் அவருக்கு இடப்பட்டது.

ஈராண்டும் நிரம்பாத பாலகனுடன் தாயார் 1879 இல் இங்கிலாந்து சென்றார். பின்தொடர்ந்து செல்லவிருந்த தந்தையார் புறப்படும் தறுவாயிற் கொழும்பிலே காலமானார். ஆதலால் தமிழ்க் குடியின் மைந்தன் தமிழோசை கேளாது ஆங்கில நாட்டிலே வளர்ந்தான். குளொஸ்ரர் பகுதியில் உள்ள வைக்கிளிவ் கல்லூரியிற் பள்ளிப்படிப்பு. அப்பகுதியின் குன்றுகளிற் தேன்நிறச் சுண்ணக்கல் கிடைக்கும். வீடு, வேலி, கோயில் யாவற்றையும் அவ்வூரவர் அக்கல்லாலேயே கட்டுவர். நமது தீவுகளின் முருகைக்கல் மதில்களைப் பார்த்து வளர்ந்தவர் அங்கே சென்றால் நிறம் ஒன்றே வேறுபடக் காண்பர் போலும். கல்லை ஆராயும் புவிச்சரிதவியலையும் தாவரவியலையும் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கற்று 1900 இல் ஆனந்தர் பட்டம் பெற்றார். 1902 இல் எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் என்பாரை மணந்தார். இப்பெண்மணியின் தம்பியார் பிரெட் பார்ட்ரிட்ஜ் பொன்னணி செய்யும் வினைஞர். இவ்வுறவு பின்னர் வரும் கதைக்கு வேண்டியதாகும்.

1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆராய்ச்சிப் பகுதிக்கு அவர் தலைவராயிருந்தார். தோரியமும் யுரேனியமுங் கலந்த தோரியனைற்று என்னும் கனியத்தைக் கண்டறிந்து அறிவியலுலகிற் பெயர் பெற்றதும், இலண்டன் பல்கலைக்கழகத்தின் டொக்டர் பட்டம் பெற்றதும் இக்காலத்திலே தான். கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்கள் எல்லாம் அலைந்தவர் கல்லொடு வேறொன்றையுங் கண்டார். அரக்கு வேலை செய்வோர், யானைத்தந்தம் கடைவோர், பாய் பின்னுவோர், வெள்ளியிற் கொடி இழைப்போர், விகாரைச் சுவரில் ஓவியந் தீட்டுவோர் என இவர்கள் தத்தம் முற்றத்திலே பரம்பரைத் தொழிலைச் செய்துகொண்டிருந்தனர். ஆயின் அவர்களின் பிள்ளைகள் அத்தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்தனர். மனைவியார் உடன்சென்று படம் பிடித்தார். தையல் வேலைப்பாடுகளின் நுட்பங்களைக் குறித்துக்கொண்டார். இருவரும் சேகரித்தவை பெருந்திரளாயின.

கட்டடங்களின் அழிவு அவரை முதலிற் சுட்டது. பழைய விகாரைகளையும் தேவாலயங்களையும் இடித்து மேனாட்டுப் பாணியிற் புதுக்கிக் கட்டும் வழக்கம் அக்காலத்திற் பரவிக்கொண்டிருந்தது. 1905 ஆம் ஆண்டிலே கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதி, முன்னோர் கட்டியவற்றைப் பேணுமாறும், கட்டத் தெரிந்த கைகளுக்கு வேலை கொடுக்குமாறும் வேண்டினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்துக்குத் தலைவராகித் தாய்மொழிக் கல்வியையும் சுதேச உடையையும் கலைகளையும் ஆதரித்துப் பேசியதும் எழுதியதும் இவ்வாண்டுகளின் தொடர்ச்சியாகும்.

இனி, இலங்கையை விட்டு அவ்விங்கிலாந்துச் சிற்றூருக்குச் செல்வோம்.

இலண்டனின் கிழக்குப் பகுதி ஏழைத் தொழிலாளர் நெருங்கி வாழும் இடம். அங்கே சாள்ஸ் ரொபேட் ஆஷ்பி என்னும் இளங் கட்டடக் கலைஞர் 1888 இல் கைவினைக் கழகம் ஒன்றை நிறுவினார். யந்திரத்தின் அடிமையாகிப்போன தொழிலாளியை மீண்டும் வினைஞன் ஆக்குவதே அவர் நோக்கம். தச்சரும் வெள்ளி வினைஞரும் கொல்லரும் அச்சுத் தொழிலாளரும் அதிற் சேர்ந்தனர். தொழிற்சாலைக்கு எடுத்திருந்த இடத்தின் குத்தகை முடிவுறும் காலம் நெருங்கவே, நகரை விட்டு நாட்டுப்புறம் சென்றால் என்ன என்ற வினா எழுந்தது. ஆஷ்பி தாமே முடிவு செய்யாது, கழகத்தாரின் வாக்கைக் கேட்டார். பெரும்பான்மையோர் செல்வோம் என்றனர். 1902 இல் ஏறத்தாழ ஐம்பது வினைஞரும் அவர்தம் மனைவி மக்களுமாகச் சுமார் 150 பேர் குளொஸ்ரர் பகுதியின் சிப்பிங் காம்ப்டன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். ஆயிரத்தைந்நூறு பேர் வரையில் வாழ்ந்த ஊருக்கு ஒரே முறையில் இத்தனை பேர் வந்திறங்கினர் என்றால் ஊரவர் விழித்த விழிப்பைச் சொல்லவும் வேண்டுமோ?

அவ்வூர் பண்டு ஆட்டுமயிர் வாணிகத்தாற் செழித்திருந்தது. அவ்வாணிகம் போனபின் வீடுகள் பல வெறிதாயின. பதினெட்டாம் நூற்றாண்டிற் கட்டப்பட்ட பட்டுநூல் ஆலை ஒன்று, தொழில் நின்று நெடுங்காலம் பயனற்றுக் கிடந்தது. ஆஷ்பி அதனை இடிக்கவில்லை. அதன்மேற் புதுமுகப்பு ஒன்றைப் பூசவுமில்லை. கல்லாற் கட்டிய நீண்ட மூன்று நிலைக் கட்டடம் அது, வரிசையாகப் பலகணிகள். கைவினைக்கு வேண்டியது நல்ல வெளிச்சமன்றோ? பட்டுநூலுக்கு உதவிய பலகணி, வெள்ளித்தட்டில் உளி பிடிப்பவனுக்கும் உதவிற்று. கீழே அச்சுவேலையும், மேலே வெள்ளியும் பொன்னும் மினுக்கு வேலையும், தச்சுவேலையுமாகத் தளங்கள் பகுக்கப்பட்டன. ஊரில் வெறிதாய்க் கிடந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. ஒன்று மணமாகாத வினைஞருக்கு விடுதியாயிற்று, இன்னொன்று கலைப்பள்ளியாயிற்று. பகலிற் தொழில் செய்வார் மாலையில் வாத்தியம் வாசித்தனர், நாடகம் ஆடினர், தாமே குளம் ஒன்று வெட்டி நீந்தினர். ஊரவரின் பிள்ளைகள் கலைப்பள்ளிக்கு வரத் தொடங்கினர். முதலில் ஐயக்கண்ணோடு பார்த்த குடியானவர் மெல்ல மெல்லப் பழகினர் என்பர். எல்லாரும் பழகினர் என்று சொல்வதற்கில்லை.

பிரெட் பார்ட்ரிட்ஜ் அக்கழகத்தில் ஒரு பொன்வினைஞராயிருந்தார் என்பதே ஆனந்தரின் கதையை இவ்வூருடன் இணைக்கும் முடிச்சு. காம்ப்டனிலிருந்து ஒரு மைல் தொலைவிற் புரோட் காம்ப்டன் என்னும் சிறு குடியிருப்பு உண்டு. அங்கே பன்னிரண்டாம் நூற்றாண்டில், நோர்மானியர் ஆட்சிக் காலத்தில், கட்டப்பட்ட சிறு கோயில் ஒன்று நின்றது. வழிபாடு ஒழிந்தபின் இடைக்காலத்தில் யாரோ அதனை வீடாக்கினர்; பின் அதுவும் ஒழிந்து, பாதி இடிந்து, ஆளற்றுக் கிடந்தது. வட்ட வளைவான வாசல்கள் மாத்திரம் பழம்பெருமை பேசி நின்றன. இலங்கையிலிருந்தபடியே ஆனந்தர் அதனைத் தம் இல்லமாக்க எண்ணி, ஆஷ்பியிடம் திருத்த வேலையை ஒப்புவித்தார். 1905 முதல் 1907 வரை அவ்வேலை நடந்தது.

அவ்வேலையின் முறையைச் சற்று நோக்க வேண்டும். வில்லியம் மொரிஸ் என்னும் பேரறிஞர் 1877 இலே, அதாவது ஆனந்தர் பிறந்த ஆண்டிலேயே, பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை நிறுவியிருந்தார். பழையதைப் பழையது போற் பொய்யாகப் புதுக்குதல் ஆகாது. விழாமற் தாங்குக, ஒழுகாமல் மூடுக, புதிதாய்ச் சேர்ப்பது புதிதென்றே தெரிய நிற்கட்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கைச் சுருக்கம். ஆஷ்பி அவ்வழி நின்றார். நோர்மானியர் வளைவு நோர்மானியர் வளைவாகவே நின்றது. இடைக்காலத்து வீட்டுச் சுவர் அவ்வாறே நின்றது. அவற்றோடு இக்காலத்து மனையொன்று பணிவுடன் ஒட்டி நின்றது. மூன்று காலத்துக் கைகள் ஒரு கூரையின்கீழ் இருந்தன. நம்மூர்க் கோயிற் திருப்பணிகளை நினைக்கும்போது எமக்குச் சற்று வெட்கமாயிருக்கிறது. கருங்கல்லை இடித்துச் சீமெந்து பூசி, அதன்மேல் ஐந்து நிறம் தீட்டி, திருப்பணி நிறைவேறிற்று என்று கல்வெட்டும் வைத்துவிடுகிறோம். கல்வெட்டிற் பெயர்கள் மாத்திரம் கருங்கல்லில்.

1907 இல் இங்கிலாந்து மீண்ட ஆனந்தர் அம்மனையிற் குடியேறினார். அதனோடு அவர் அமைதியடையவில்லை. ஆஷ்பியின் கழகத்துக்கு எசெக்ஸ் மாளிகை அச்சகம் என்றொரு அச்சகம் இருந்தது. மொரிஸ் மறைந்தபின் அவரது கெல்ம்ஸ்கொட் அச்சகத்தின் கைப்பொறிகளை விலைக்கு வாங்கி, அங்கு வேலை செய்தோர் சிலரையுஞ் சேர்த்து ஆஷ்பி நடத்திய அச்சகம் அது. அதனை ஆனந்தர் ஏற்றுப் பழங்கோயிலுக்குள்ளே கொண்டுவந்து வைத்தார். மந்திரம் ஒலித்த இடத்திலே அச்சுப்பொறி ஒலித்தது. 1907 செப்ரெம்பர் முதல் 1908 டிசெம்பர் வரை, பதினைந்து மாதங்களுக்கு மேலாக, ஒரே நூல் அங்கே உருவாயிற்று. இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பொருள்படும் தலைப்புடைய பெருநூல் அது. ஆசிரியர் தாமே மேற்பார்த்தார். மனைவியார் பிடித்த படங்கள் அதில் இடம்பெற்றன. அச்சிட்டவை 425 படிகள் மாத்திரம். இன்று நூலாசிரியர் கைப்பிரதியை ஒருவரிடமும் பணத்தை இன்னொருவரிடமும் கொடுத்துவிட்டு வெளியீட்டு விழாவுக்கு மாலை வாங்கப் போய்விடுகின்றனர். எழுத்தடுக்கும் இடத்தில் நிற்கும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு?

அந்நூல் கண்டி அரசின் கடைசி நூற்றாண்டிற் கைவினை எங்ஙனம் வாழ்ந்தது என்பதைக் கூறுவது. விக்கிரகத்துக்குக் கண் திறக்கும் சடங்கு முதலாக, மண்பாண்டத்தின் கோலம் ஈறாக, அவர் விடாது கூறாதது இல்லை. ஆயின் எம்மை மிகவும் ஈர்த்த பகுதி வேறு. அக்காலத்து வினைஞன் எதை உண்டு வாழ்ந்தான் என்பதை அவர் ஆராய்கிறார். அரசனுக்கோ விகாரைக்கோ செய்யும் பணிக்கு ஈடாக வினைஞனுக்கு நிலம் விடப்பட்டிருந்தது. வயலில் நெல் விளைந்தது. வீட்டிற் பட்டறை இருந்தது. வேலை வந்தபோது வேலை செய்தான். வராதபோது பட்டினி கிடக்கவில்லை. ஆகையால் அவசரமில்லை, அவசரமில்லாமையால் வேலை செம்மையாயிற்று. 1815 இல் அரசு பிரித்தானியர் கைக்கு மாறியபின் காப்போரும் இல்லை, கேட்போரும் இல்லை. சந்தையில் மலிவாக வந்திறங்கிய மேனாட்டுப் பண்டத்தோடு போட்டியிட அவ்வினைஞனால் இயலவில்லை.

இதில் ஒரு கொடுமை உண்டு. சிங்கள வினைஞனின் வீழ்ச்சியை அப்பழங்கோயிலில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த அதே மாதங்களிலே தான், ஒரு மைல் அப்பாலுள்ள பட்டாலையில் ஆங்கில வினைஞரின் கழகம் கலைந்துகொண்டிருந்தது. கடன் மிகுந்து, 1907 இன் இறுதியிலும் 1908 இலும் அது முடித்துவைக்கப்பட்டது. எழுதும் நூலின் பொருளைச் சாளரத்துக்கு வெளியே காணும்படியான நிலை எழுத்தாளருக்கு எளிதில் வாய்ப்பதன்று. வாய்ப்பது நன்றும் அன்று.

கழகம் ஏன் வீழ்ந்தது? ஆஷ்பியே பிற்பாடு நூலொன்றில் அதற்கு விடை தேடினார். கையால் அடித்த வெள்ளிப் பாத்திரத்தைப் பார்த்து, அதே சாயலிற் பொறியால் வார்த்த பாத்திரத்தை இலண்டன் வணிகர் பாதி விலைக்கு விற்றனர். வாங்குவோர் நகரில் இருந்தனர். செய்வோர் நாட்டுப்புறத்தில் இருந்தனர். நகரில் இருந்த காலத்தில் வேலை குன்றினால் வினைஞன் சில மாதம் வேறொரு பட்டறைக்குச் சென்று மீள்வான். காம்ப்டனில் வேறு பட்டறை எங்கே? ஆலையைத் திருத்தினர், வீடுகளைத் திருத்தினர், குளமும் வெட்டினர். ஆனால் காலடியில் நிலம் இல்லை. அமெரிக்கச் சவர்க்காரத் தொழிலதிபரான யோசப் பெல்ஸ் என்பவர் புரோட் காம்ப்டனில் 70 ஏக்கர் நிலம் வாங்கி, வினைஞர் தோட்டஞ் செய்துகொண்டே தொழிலையும் நடத்த வழிசெய்தார். உதவி வந்தது கழகம் வீழ்ந்தபின்னரே. சிலர் அதனாற் தங்கினர். பலர் நகருக்குத் திரும்பினர். கண்டி வினைஞன் நிலத்தை இழந்தமையால் வீழ்ந்தான். காம்ப்டன் வினைஞன் நிலத்தைப் பெறப் பிந்தியதால் வீழ்ந்தான். இதனை ஆனந்தர் இரு கண்ணாலுங் கண்டார். அடுத்த ஆண்டு, 1909 இல், இந்தியக் கைவினைஞரைப் பற்றி அவர் வெளியிட்ட சிறுநூலுக்கு ஆஷ்பியே முன்னுரை எழுதினார். தோற்ற ஒருவரின் முன்னுரை அது. அதனாலேயே அதற்கு மதிப்பு அதிகம் என்பது எமது எண்ணம்.

ஈண்டு ஒன்றை மறைத்தல் தகாது. பழைய தொழிலமைப்பை ஆனந்தர் போற்றியபோது, அதன் மறுபக்கத்தை முழுமையாகப் பார்த்தார் என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. நிலம் கொடுத்த அமைப்பே மகனைத் தந்தையின் பட்டறையோடு கட்டியும் வைத்தது. அவன் எவ்விடத்தில் நிற்கலாம், எத்திண்ணையில் இருக்கலாகாது என்றும் விதித்தது. யாழ்ப்பாணத்துத் தலைவாசலில் உலக்கை அளவு மரத்தில் மல்லிகைக் கொடி செதுக்கிய தச்சர், வேலை முடிந்தபின் அத்தலைவாசலில் உட்கார்ந்தாரா? இலண்டனிலும் பொஸ்டனிலும் இருந்து நோக்கியவருக்கு இவ்வினா அத்துணை கூர்மையாகத் தோன்றாது. தோன்றாமை குற்றமென்று கூறுவதற்கில்லை, குறையென்றே கூறலாம்.

கோயில் மனையில் அவர் நெடுங்காலம் இருக்கவில்லை. 1909 இலிருந்து இந்தியாவே அவர் உள்ளத்தை ஆண்டது. இல்லறமும் முறிந்தது, பின்னர் வேறு மணங்கள் செய்தார். அவற்றை விரித்தல் இக்கட்டுரைக்கு வேண்டாதது. வட இந்தியாவில் அலைந்து, எவரும் மதியாத இராசபுத்திர ஓவியங்களைச் சேகரித்தார். அத்திரளைக் காசியில் வைத்து ஒரு நூதனசாலை அமைக்க விரும்பினார். பணமும் ஆதரவுங் கிட்டவில்லை. 1917 இல் அது அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குச் சென்றது. திரட்டியவரும் அதனோடு சென்றார். காசியில் நின்று பார்த்திருக்க வேண்டிய கண்ணனை இன்று விமானமேறிச் சென்று பார்க்கிறோம். சித்தாந்த தீபிகை என்னும் இதழில் 1912 இல் வந்த சிவநடனக் கட்டுரை 1918 இல் நூலின் தலைப்பாயிற்று. முப்பதாண்டுக் காலம் அந்நூதனசாலையில் அவர் இருந்து இயற்றிய நூல்களும் கட்டுரைகளும் நூற்றுக்கணக்கானவை.

அரும்பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கும் பதவியில் இருந்துகொண்டே, கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்கு என்ற வினாவைத் தலைப்பாகக் கொண்ட நூலொன்றை 1943 இல் வெளியிட்டவர் அவர். அகல் எரிவதற்குச் செய்யப்பட்டது. செம்பு நீர் முகப்பதற்குச் செய்யப்பட்டது. அதனைச் சுவரிலே தூக்கி வைத்து வியப்பது உயிர் போனபின் செய்யும் உபசாரம் என்பது அவர் கருத்தின் சாரம். வினைஞன் என்பான் தனிப்பட்ட ஒருவகை மனிதன் அல்லன். ஒவ்வொரு மனிதனும் ஒருவகை வினைஞனே என்பதும் அவர் ஓயாது வற்புறுத்தியது. பட்டாலையின் பட்டறைகளை அறிந்திராதவர்க்கு இக்கருத்து வெறுந் தத்துவமாகத் தோன்றக்கூடும். எமக்கு அங்ஙனம் தோன்றவில்லை.

எழுபது வயது நிறைந்தபின் இந்தியா சென்று இமயச் சாரலில் ஒடுங்கி வாழ எண்ணியிருந்தார். 1947 ஆம் ஆண்டு ஒகஸ்டில் எழுபது நிறைந்தது. அதற்கு ஒரு கிழமை முன்னரே இந்தியா விடுதலை பெற்றிருந்தது. செப்ரெம்பர் 9 ஆந் திகதி, மசசூசெற்ஸ் மாநிலத்து நீடம் என்னும் ஊரிலே, தமது தோட்டத்து இல்லத்தில் அவர் உயிர் நீத்தார்.

பழங்கோயில் என்னாயிற்று என்று வாசகர் வினவலாம். ஆனந்தர் நீங்கியபின் ஆஷ்பியே மனைவி மக்களோடு சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். பின்னர் எருசலேமுக்குச் சென்ற ஆஷ்பி, அந்நகரின் பழைய பருத்திக் கடைத்தெரு பாழாய்க் கிடந்ததைக் கண்டு, அதனைத் திருத்தி அங்கே தறிகளை வைத்தார். தோல்வி அவருடைய கையைக் கட்டவில்லை. எதெல் மேரி அம்மையார், இலங்கையின் கைவேலையைக் கண்டு பெற்ற ஆர்வத்தைத் தறியிற் செலுத்தினார். தாவரச் சாயங்களைப் பற்றி 1916 இல் நூல் எழுதினார். டிச்லிங் என்னும் சிற்றூரிற் பட்டறை அமைத்து, பல நாட்டவர்க்கு நெசவு கற்பித்து, 1952 இல் மறைந்தார். காம்ப்டன் பட்டாலையோ முற்றும் ஓயவில்லை. கழகம் கலைந்தபோது ஊரைவிட்டுப் போகாத வெள்ளி வினைஞருள் ஜோர்ஜ் ஹார்ட் என்பவர் ஒருவர். அவருடைய வழித்தோன்றல்கள் அதே ஆலையில், அதே மேற்தளத்துப் பலகணியோரத்தில், இன்றும் சுத்தியலால் வெள்ளியைத் தட்டிக்கொண்டிருக்கின்றனர். கழகத்தார் நூற்றைம்பது பேர் ஆரவாரமாய் வந்திறங்கியதை ஊர் மறந்திருக்கக்கூடும். ஒரு குடும்பம் போகாதிருந்தமையால் ஆலை ஆலையாகவே இருக்கிறது.

எமக்கு எழுதிய மாணாக்கருக்கு விடை அனுப்பிவிட்டோம். வீட்டின் படத்தையோ, சுவரிற் தீட்டக் கருதும் ஓவியத்தின் மாதிரியையோ நாம் கேட்கவில்லை. ஆலமரத்தை வேரோடு எடுத்தாற் சுவரும் உடன் வரும் என்பதை அறிந்த மேசன் ஒருவர் வேண்டும் என்று எழுதினோம். பனைமரத்தில் வளையும் சலாகையும் அறுக்கத் தெரிந்த தச்சர் தீவுகளில் எத்தனை பேர் எஞ்சியுள்ளனர் என்பதை விசாரித்துச் சொல்வதாகவும், அவருக்கு இரண்டு பையன்களைத் துணைவைத்தாற் தொழிலும் வீட்டோடு எழும் என்றும் எழுதினோம். பின்னர், வீட்டை அடுத்த வளவு எத்தனை பரப்பு, பங்காளிகள் எத்தனை பேர், உறுதி யார் கையில், விழா முடிந்து எல்லாரும் விமானமேறியபின் பதினோரு மாதமும் அங்கே விளக்கேற்றி வேலை செய்யப்போகும் ஆள் யார், அவர் என்ன உண்பார் என்று கேட்டிருக்கிறோம். கிணற்று நீர் நன்னீரோ உவர்நீரோ என்பதையும் கேட்க எண்ணி விட்டுவிட்டோம். அக்கிணற்றை நாம் அறிவோம். மாரி பெய்தபின் மூன்று மாதம் குடிக்கலாம்.